நல்ல ஆளா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க

கோயமுத்தூர்ல மோட்டார் நின்னு போச்சுன்னா யாரும் பதற மாட்டாங்க. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937-லேயே மின்மோட்டார் செஞ்சு ஓட்டுன ஊர் இது. காயில் கட்டவும், பேரிங் மாத்தவும், ஷாஃப்ட் கடையவும் ரெண்டு தெருவுக்கு ஒரு பட்டறை இருக்கும். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வெச்சிருக்கோம். ஆனா அதே ஊர்ல பாத்ரூம் ஒழுகுது, சுவத்துல ஓதம் ஏறுது, டைல்ஸ் பேந்து வருதுன்னா நிலைமையே வேற. எந்தத் தெருவோட வாட்ஸ்அப் குரூப்பை வேணும்னாலும் பாருங்க. "நல்ல ஆளா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க"ன்னு ஒருத்தர் போடுவார். பத்து பதில் வரும். அதில் நாலு, "எனக்கும் நம்பர் அனுப்புங்க".

போன ஒண்ணரை வருஷமா எங்க வீட்டிலும் இதே பேச்சுதான். நான் ஈ.சி.இ. மூணாம் வருஷம். சிமெண்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா ஒறம்பரைக்கும் அக்கம்பக்கத்துக்கும் இன்ஜினியரிங்னா எல்லாம் ஒண்ணுதான். "பையன் இன்ஜினியரிங் படிக்கறானே, லீவுல அவன் பார்த்துக்குவான்" என்று சைட் சூப்பர்வைசர் வேலை என் தலையில் விழுந்தது. இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கும் இந்தப் பதவி உயர்வு சீக்கிரமே வரும். அதனால் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

"நம்ம ஒறம்பரைதான்"

எங்க வீடு சூலூர் பக்கம். 1998-ல் கட்டினது. மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே சமையலறை. பாத்ரூம்ல போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. இருபத்தஞ்சு வருஷத்துல குழாய் எல்லாம் உப்புப் படிஞ்சு, தரை டைல்ஸ் தேய்ஞ்சு, புதுசா போட்டே ஆகணும்கிற நிலைமை.

அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர், "நம்ம ஒறம்பரைதான், நம்பிக் குடுக்கலாம்" என்று ஒரு மேஸ்திரியை அனுப்பினார். வந்தார், பாத்ரூமை ஒரு சுத்து பார்த்தார், சிகரெட் அட்டைக்குப் பின்னாடி கணக்குப் போட்டு 58,000 என்றார். முதல் நாளே 25,000. நாலு நாள் கழிச்சு, "டைல்ஸ் எறக்கணுங்க" என்று இன்னொரு 15,000. பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினார்கள். "உடைச்சா செலவுங்க, இப்பெல்லாம் எல்லாரும் இப்படித்தான் ஒட்டறாங்க." ஆறே நாளில் பாத்ரூம் பளபளவென்று ஆகிவிட்டது. மீதியையும் வாங்கிக்கொண்டு போனார்.

ரெண்டாம் மாசம் சமையலறை சீலிங்கில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓதம். அடுத்த மாசம் தட்டு அளவு. தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள் பூச்சு பொரிஞ்சு அடுப்பு மேலேயே விழுந்தது. அம்மா அப்போது பக்கத்து ரூமில் இருந்தாங்க. அதை விட மோசம், ஓதம் டியூப் லைட் பாயிண்ட் வரைக்கும் போய், ஸ்விட்சைத் தொட்டா லேசா ஷாக் அடிச்சது. மேஸ்திரிக்கு போன் பண்ணினால் முதல் வாரம், "நாளைக்கு வர்றேனுங்க". ரெண்டாம் வாரம், "சைட்ல இருக்கேன், பொழுதோட கூப்பிடறேன்". மூணாம் வாரம் ரிங் போகும், எடுக்க மாட்டார்.

அப்பாவால் சண்டை போடவும் முடியலை. ஒறம்பரை ஆச்சே. நாளைக்கு ஒரு காதுகுத்து, ஒரு சீர்னா முகம் பார்த்தாகணும். "நம்ம ஆளு"ங்கற வார்த்தைக்கு நம்ம பக்கம் எவ்வளவு வெயிட்னு உங்களுக்கே தெரியும். சில நேரம் அது ஒறம்பரை, சில நேரம் அது சாதி. அந்த வார்த்தை ஆளை உள்ளே கூட்டிட்டு வருது. ஆனா வேலை கெட்டுப்போனா கேள்வி கேக்கற உரிமையை அதுவே பிடுங்கிக்குது. தெரியாத ஆளாக இருந்திருந்தால் வீடு தேடிப் போய்க் கேட்டிருப்போம்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். போகலாம். வீடு கட்டிக் கொடுப்பதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. இப்போது இருக்கிற 2019-ம் வருஷச் சட்டப்படி, 5 லட்சம் வரைக்குமான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம்கூடக் கிடையாது. 1915-க்கு போன் பண்ணினாலே வழி சொல்வாங்க. ஆனா அங்கே போய் எதைக் காட்டுவது? எங்களிடம் இருந்தது ஒரு சிகரெட் அட்டை. பணம் எல்லாம் கையில் கொடுத்தது. என்ன வேலை, எவ்வளவு நாள், ஒழுகினால் யார் பொறுப்பு, எதுவுமே எங்கேயும் எழுதலை.

ஹார்டுவேர் கடையில் கேட்ட கேள்வி

ரெண்டாவது முறை ஆள் தேடினது அம்மா. அவங்க ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கறாங்க. இருபது வருஷமா சப்ளையர்களோட மல்லுக்கட்டின அனுபவம். குரூப்பில் மெசேஜ் எதுவும் போடலை. நேராக எங்க ஏரியா ஹார்டுவேர் கடைக்குப் போய், கடைக்காரரிடம், "நல்ல ஆள் யாருங்க?" என்று கேட்காமல், "உங்ககிட்ட சாமான் வாங்கிட்டு, மிச்சத்தை ஒழுங்காத் திருப்பிக் கொண்டாந்து வீட்டுக்காரங்க கணக்குல கழிச்சுவிடற கொத்தனார் யாருங்க?" என்று கேட்டாங்க.

கடைக்காரர் சிரிச்சுட்டு ரெண்டே பேரைச் சொன்னார். அதில் ஒருத்தருக்கு அறுபது வயசு இருக்கும். கொத்து வேலையும் தெரியும், பிளம்பிங்கும் தெரியும். கூட வேலை செய்யறது ஒரு சித்தாள் அக்கா, டைல்ஸ் ஒட்ட ஒரிசாவில் இருந்து வந்த ஒரு தம்பி.

அம்மா அவரிடம் கேட்ட முதல் கேள்வி ரேட் இல்லை. "ஏனுங்க மேஸ்திரி, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நீங்க செஞ்ச பாத்ரூம் ஒண்ணு பார்க்கலாங்களா?" போன வாரம் முடிச்ச வேலையை யாரும் காட்டுவாங்க, எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். எங்க வீட்டு முதல் பாத்ரூமும் ஆறாம் நாள் அப்படித்தான் இருந்தது. ரெண்டு மழைக்காலமும் ரெண்டு வெயில்காலமும் தாண்டின வேலைதான் பேசும். அவர் தயங்காமல் இருகூர்ல ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். அந்த வீட்டு ஆத்தா திண்ணையில் இருந்தபடியே சொன்னாங்க, "சோலி சுத்தமாத்தான் செய்வாரு. ஆனா சொன்ன நாளுக்கு ரெண்டு நாள் பின்னாடிதான் வருவாரு."

இந்த மாதிரி குறையும் சேர்த்துச் சொல்ற சிபாரிசுதான் உபயோகம். "சூப்பரா பண்ணுவாருங்க"ன்னு மட்டும் வர்ற அஞ்சு ஸ்டாரை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது.

சொட்டு நீலம்

மேஸ்திரி எங்க வீட்டுக்கு வந்ததும் ரேட் சொல்லுவார்னு நான் நோட்டோட நின்னேன். அவர், "எங்கிருந்து ஒழுகுதுன்னே தெரியாம என்னத்தக் கண்ணு ரேட்டு சொல்றது?" என்றார். அடுத்த ரெண்டு நாள் அவர் செஞ்சதை நம்ம லேப்ல ஃபால்ட் கண்டுபிடிக்கிற மாதிரியே நினைச்சுக்கலாம்.

முதல் நாள் பாத்ரூமைப் பூட்டச் சொன்னார். டேங்க்கில் இருந்து வர்ற வால்வு திறந்தே இருக்கணும், ஆனா யாரும் உபயோகிக்கக் கூடாது. தண்ணி வர்ற குழாயில் ஓட்டை இருந்தா, அதில் எப்பவும் அழுத்தம் இருக்கிறதால யாரும் குளிக்காட்டியும் கீழே சொட்டும். அன்னைக்குச் சொட்டு நின்னு போச்சு. ஆக, வர்ற குழாய் இல்லை.

ரெண்டாம் நாள் தரையில் இருக்கிற நாணி ட்ராப்பைத் துணி வெச்சு அடைச்சுட்டு, சொட்டு நீலம் கலந்த தண்ணியைத் தரை முழுக்கத் தேக்கினார். மூணு மணி நேரம் ஆச்சு. கீழே ஒண்ணும் இல்லை. ஆக, தரையும் ஓரளவு தாங்குது. அப்புறம் துணியை எடுத்தார். நீலத் தண்ணி ட்ராப் வழியா இறங்கின இருபதாவது நிமிஷம், சமையலறை சீலிங்கில் நீலமா ஒரு சொட்டு.

அந்த இடத்தை உடைச்சுப் பார்த்தோம். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினதால் தரை முக்கால் அங்குலம் உயர்ந்திருக்கு. ட்ராப் பழைய உயரத்திலேயே கீழே நிக்குது. நடுவில் இருந்த இடைவெளியை வெறும் ஒயிட் சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்காங்க. அது சுருங்கி விரிசல் விட்டு, குளிக்கிற தண்ணி பாதி அதுக்குள்ள போயிருக்கு. 58,000 ரூபாய் வேலை தோத்தது ஒரு அரை அடி இடத்துல.

மேஸ்திரியின் மூணு கேள்வி

ரேட் பேச உட்கார்ந்தப்போ அவர் எங்களிடம் மூணு கேள்வி கேட்டார். "பகல்ல வீட்ல முடிவு சொல்ற ஆள் ஒருத்தர் இருப்பீங்களா? சாமான் கேட்ட நாளைக்கு வந்துருமா? சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கிடைக்குமா?"

மூணாவது கேள்வி எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நாங்க என்ன ஏமாத்துற ஆளுங்களா? டீ குடிச்சுக்கிட்டே அவர் சொன்னார். ஒரு பெரிய வீட்டில் வேலை முடிஞ்சப்புறம், டைல்ஸ் கலர் ஃபோட்டோவுல பார்த்த மாதிரி இல்லைன்னு 12,000 ரூபாய் பாக்கியை நிறுத்தி வெச்சுட்டாங்களாம். டைல்ஸ் செலக்ட் பண்ணினது அந்த வீட்டு அம்மாவேதான். "எனக்கு நஷ்டம்னா பரவாயில்லீங்க அம்மணி. இந்தப் புள்ளைக்கு வாரக் கூலி நான் குடுத்தாகணுமல்ல?" என்று சித்தாள் அக்காவைக் காட்டினார். கட்டட வேலையில் சனிக்கிழமைதான் எல்லாத்துக்கும் நாள். கூலி, கடைப் பாக்கி, வாரவட்டி, மளிகை எல்லாம் சனிக்கிழமை பொழுதோட முடியணும். வீட்டுக்காரர், "திங்கக்கிழமை பார்த்துக்கலாம்" என்று சொல்ற ஒரு வார்த்தை, கீழே இறங்கி இறங்கி கடைசியில் அந்த அக்கா வீட்டு அடுப்புல போய் நிக்கும்.

அவங்க ஏன் நாலு சைட்டை ஒரே நேரத்துல ஒத்துக்கறாங்கன்னும் அப்பதான் புரிஞ்சது. ஒரு வீட்ல டைல்ஸ் வரலை, இன்னொரு வீட்ல பணம் வரலை, மூணாவது வீட்ல மாமியாரும் மருமகளும் வாஷ்பேசின் எங்க வைக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. ஒரே வீட்டை நம்பினா வாரத்துல மூணு நாள் சும்மா இருக்கணும். அதனால எல்லாருக்கும் "சரிங்க" சொல்லி, எங்க வேலை நகருதோ அங்க போறாங்க. ஓ.எஸ். பேப்பர்ல படிச்சோமே, ஒரே கோர், நாலு ப்ராசஸ். எந்த ப்ராசஸ் இன்புட்டுக்காகக் காத்துக்கிட்டு நிக்குதோ அதை ஓரமா வெச்சுட்டு அடுத்ததை எடுக்கும். நம்ம வீட்டு வேலை நிக்காம ஓடணும்னா இன்புட் ரெடியா இருக்கணும். இப்படிச் சொன்னா முதல் மேஸ்திரி போன் எடுக்காதது நியாயம் ஆயிடாது. ஆனா "நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டு வராத எல்லாருமே ஏமாத்துக்காரங்க இல்லை.

அன்னைக்கு ராத்திரி எங்க க்ளாஸ் நோட்டைப் புரட்டினேன். ரிலையபிலிட்டிக்கு ஒரு டெஃபனிஷன் எழுதி வெச்சிருந்தேன்: ஒரு பொருள், சொல்லப்பட்ட நிபந்தனைகளில், சொல்லப்பட்ட காலத்துக்கு, செய்யவேண்டிய வேலையைப் பழுதில்லாமல் செய்யும் நிகழ்தகவு. ரெண்டு மார்க் கேள்வி, மனப்பாடம் பண்ணினது. அதில் "சொல்லப்பட்ட நிபந்தனைகளில்" என்கிற வார்த்தையை நான் அதுவரைக்கும் கவனிச்சதே இல்லை. நிபந்தனை சொல்லாம ஒரு கெப்பாசிட்டரைக்கூட நம்பகமானதுன்னு யாரும் விக்க முடியாது. எத்தனை வோல்ட், எத்தனை டிகிரின்னு டேட்டாஷீட்ல இருக்கும். மனுஷங்களை மட்டும் நிபந்தனையே இல்லாம "நல்ல ஆள்", "மோசமான ஆள்"னு பிரிச்சுடறோம்.

ஒரு ஏ4 பேப்பர்

அம்மா ஒரு ஏ4 பேப்பரில் எழுதினாங்க. கூலியும் சாமானும் சேர்த்து மொத்தம் 74,000. முன்பணம் சாமானுக்கு மட்டும், அதுவும் கடைக்கு நேராக ஜிபே. மத்தது அஞ்சு கட்டம்.

ஒண்ணு, ரெண்டு அடுக்கு டைல்ஸையும் உடைச்சு, குப்பையை அள்ளி முடிச்சா ஒரு பங்கு. ரெண்டு, புதுக் குழாய் போட்டு, கைப் பம்ப் வெச்சு அழுத்தம் ஏத்தி, முள் இறங்காம நின்னா ஒரு பங்கு. மூணு, வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சு, ட்ராப்பை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டி, கீழே கசியலைன்னா ஒரு பங்கு. நாலு, டைல்ஸ் ஒட்டி, தண்ணி வாட்டம் சரியா இருந்தா ஒரு பங்கு. அஞ்சு, ஒரு மாசம் உபயோகிச்சுப் பார்த்துட்டு கடைசிப் பங்கு, பத்துல ஒண்ணு.

மேஸ்திரி பேப்பரை வாங்கிப் படிச்சார். கடைசிப் பங்குக்கு ஒரு மாசத்துக்கு மேல ஒரு நாள்கூட இழுக்கக் கூடாது என்றார். அப்புறம் என் பேனாவை வாங்கி அவரே ஒரு வரி எழுதினார்: "சொன்ன டிசைன் பாதில மாத்துனா தனிக் கூலி." அந்த வரி இல்லேன்னா அந்தப் பேப்பர் எங்க பக்கத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பா இருந்திருக்கும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. நான் ஃபோட்டோ எடுத்து ரெண்டு பேர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினேன். ஒவ்வொரு ஜிபேயிலும் "கட்டம் 2, குழாய்" என்று நோட் போட்டு அனுப்பினோம். முத்திரைத்தாள் எதுவும் இல்லை. ஆனா இதுக்கப்புறம் எந்த ஆணையத்துக்குப் போனாலும் காட்ட எங்ககிட்ட ஏதோ இருக்கு. அவர்கிட்டயும் இருக்கு.

மூணாவது கட்டத்துல சோதனை வந்தது. தண்ணி கட்டி, சுவத்துல பென்சில் கோடு போட்டு வெச்சோம். அடுத்த நாள் காலைல தண்ணி ஒரு விரக்கடை இறங்கியிருந்தது. வெயில்ல ஆவியாகறதுக்கு அது உள்ரூம், ஜன்னலும் சாத்தியிருந்தது. நான் சண்டைக்குத் தயாரா மாடிப்படியில் நின்னேன். அவர் வந்தார், கோட்டைப் பார்த்தார், குனிஞ்சு மூலையை விரலால் தடவினார். "இந்த மூலைதான் கண்ணு. சுவரும் தரையும் சேர்ற எடத்துல ரவுண்டு சரியா வரலை." தண்ணியை இறைச்சார், மூலையைக் கொத்தினார், மறுபடி பூசினார். கூலி கேக்கலை. மறுபடியும் ரெண்டு நாள் தண்ணி கட்டினோம். கோடு அப்படியே நின்னது.

நல்ல வேலைக்காரர் கையில் தப்பே வராதுன்னு நான் நினைச்சிருந்தேன். முதல் மேஸ்திரி வேலையிலும் தப்பு இருந்தது, இவர் வேலையிலும் இருந்தது. ஆனா இங்கே தப்பு டைல்ஸுக்கு அடியில் போறதுக்கு முன்னாடியே வெளியே வர்ற மாதிரி ஒரு சோதனை இருந்தது. வெளியே வந்ததும் ஒத்துக்கற ஆளும் இருந்தார்.

அந்த வாரம் எங்களுக்கும் ஒரு சோதனை. அப்பா கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போச்சு. சனிக்கிழமை பொழுதோட நாலு மணி. அம்மா ஒண்ணும் பேசாம, பாட்டிக்குக் கண் ஆபரேஷனுக்குன்னு வெச்சிருந்த சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்து அனுப்பினாங்க. "பேப்பர்ல நம்ம கையெழுத்தும் இருக்குதல்ல?" என்றாங்க.

கரண்ட் வேலை

ஒயரிங்குக்கு வேற ஆள். இதில் ஆள் பார்க்கறது கொஞ்சம் சுலபம், ஏன்னா தமிழ்நாட்டில் ஒயர்மேனுக்கும் காண்ட்ராக்டருக்கும் அரசாங்க லைசென்ஸ் இருக்கு. கேட்டா காட்டணும். எங்க வீட்ல ஓதத்துல ஷாக் அடிச்சதால, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொன்னோம். ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பற கரண்டும் சமமா இல்லைன்னா, அதாவது வழியில் யார் உடம்பு வழியாவோ எர்த் வழியாவோ கசியுதுன்னா, உடனே ட்ரிப் ஆகும்.

போட்ட ரெண்டாம் நாளே அடிக்கடி ட்ரிப் ஆச்சு. தெருவில் வேற வேலைக்கு வந்திருந்த ஒருத்தர், "இது தொந்தரவுங்க, பைபாஸ் பண்ணிட்டா ஜம்முனு இருக்கும்" என்றார். அஞ்சு நிமிஷ வேலை, ஐந்நூறு ரூபாய். லைசென்ஸ் வெச்சிருக்கற அண்ணன் வந்து ஒவ்வொரு சர்க்யூட்டா கழட்டிப் பார்த்தார். கீஸர்ல நின்னார். உப்புத் தண்ணில ஹீட்டர் எலிமெண்ட் அரிச்சுப்போய் கரண்ட் கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அந்தக் கீஸர் 2,000 வாட், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் பிளக்ல மாட்டி வெச்சிருந்ததையும் அவர்தான் காட்டினார். எலிமெண்ட்டை மாத்தி, 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டதும் ட்ரிப் ஆகறது நின்னுச்சு. அந்த ஐந்நூறு ரூபாய் ஆளை உள்ளே விட்டிருந்தாலும் ட்ரிப் ஆகறது நின்னிருக்கும்.

"எங்க ஊர் ஆளு", "வடக்கு ஆளு"

டைல்ஸ் ஒட்டின ஒரிசா தம்பியைப் பத்தித் தெருவுல ரெண்டு கருத்து. "ஹிந்திக்காரன் வேலையை நம்ப முடியாது"ன்னு ஒரு கட்சி, "நம்மாளுங்க சோம்பேறி, அவனுகதான் லாயக்கு"ன்னு இன்னொரு கட்சி. 2023 மார்ச்ல, வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் பரவினது ஞாபகம் இருக்கும். போலீஸ் மறுத்தாங்க, பீகார்ல இருந்தே ஒரு குழு வந்து பார்த்துட்டுப் போச்சு. ஆனாலும் பயந்துபோய் கோவை, திருப்பூர்ல இருந்து ரயில் ஏறினவங்க இருக்காங்க. அந்தத் தம்பியும் அப்போ ஊருக்குப் போயிட்டு, ஒரு மாசம் கழிச்சு மேஸ்திரி போன் பண்ணி தைரியம் சொன்னப்புறம் திரும்பி வந்தவர்தான்.

அவர் ஒட்டின தரையை ரெண்டு விதமா சோதிச்சோம். ஒவ்வொரு டைல்ஸையும் காசால் தட்டினால் கணீர்னு கேக்கணும், டொக்குனு கேட்டா அடியில் கலவை இல்லைன்னு அர்த்தம். நாலு மூலையில் இருந்தும் கோலிக்குண்டை விட்டா ட்ராப் பக்கமே உருளணும். ஒண்ணே ஒண்ணு டொக்குனு கேட்டது. சொன்னதும் சிரிச்சுக்கிட்டே எடுத்து மறுபடி ஒட்டினார். கோலிக்குண்டுக்குத் தமிழும் தெரியாது, ஒரியாவும் தெரியாது.

மேஸ்திரியும் சித்தாள் அக்காவும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு பண்ணினவங்க. பிளான் அப்ரூவல் வாங்கும்போது கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் வாங்கறாங்களே, அது இந்த வாரியத்துக்குத்தான் போகுது. விபத்து உதவி, பிள்ளைங்க படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் எல்லாம் இதில் வரும். ஆனா பேர் பதிவு பண்ணி, அட்டையைப் புதுப்பிச்சு வெச்சிருக்கணும். அக்காவோட அட்டை காலாவதி ஆகியிருந்தது. அவங்க பொண்ணு பிளஸ் டூ. ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஆன்லைன்ல புதுப்பிக்க விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஆனது முக்கால் மணி நேரம். இதுக்காக அவங்க ஆபீஸ் போயிருந்தா ஒரு நாள் கூலி போயிருக்கும்.

உங்க முறை வரும்போது

மொத்தம் பத்தொன்பது நாள் ஆச்சு. ஜி.டி. நாயுடு 1967-ல் ஒரு வீட்டையே காலைல ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள கட்டி முடிச்சுக் காட்டினார்னு சொல்வாங்க. எங்க பத்தொன்பது நாளில் பாதி, கலவை இறுகவும் தண்ணி கட்டவும் காத்திருந்த நாள்தான். ஆறு நாள்ல முடியும்னு சொன்னவரோட பாத்ரூமையும் பார்த்தாச்சு. ஆத்தா சொன்ன மாதிரி, மேஸ்திரி ரெண்டு நாள் லேட்டாத்தான் வந்தார். அதை முன்னாடியே கணக்குல வெச்சிருந்ததால யாருக்கும் கோபம் வரலை. கடைசிப் பங்கு ஒரு மாசம் முடிஞ்ச அன்னைக்கே போச்சு. சமையலறை சீலிங் காய்ஞ்சு, பூசி, வெள்ளையடிச்சாச்சு.

லீவுல வீட்டு வேலை உங்க தலைல விழுந்தா, ரேட்டை விட முக்கியமா மூணு விஷயத்தைப் பாருங்க. ரெண்டு வருஷம் பழைய வேலை ஒண்ணு. வேலை மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை. ரெண்டு பக்கமும் எழுதின ஒரு பேப்பர். அப்புறம் ஆடியிலும் மார்கழியிலும் கேளுங்க. புதுசா யாரும் வீடு ஆரம்பிக்காத மாசம், நல்ல கொத்தனார்கூட ஃப்ரீயா கிடைப்பார்.

நம்ம பேட்ச்ல சிவில் நண்பர்கள் பல பேர் அடுத்த வருஷம் சைட் இன்ஜினியரா போவீங்க. உங்க டேபிளுக்கு சப்-காண்ட்ராக்டர் பில் வரும். வெள்ளிக்கிழமை பொழுதோட வந்த பில்லை, "திங்கக்கிழமை பார்க்கலாம்"னு டிராயர்ல வைக்கிறது ரொம்ப சுலபம். வேலையை அளந்து பாருங்க, தப்பு இருந்தா எழுதி நிறுத்துங்க. சரியா இருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. அடுத்த நாள் சனிக்கிழமை.